ரோதை முனியும் செக்ரோலும்: சப்ரகமுவத் தோட்டங்களில் பேய்க்கதையின் வரலாறு

கம்பனி வேலைத்தலத்தில் நிகழும் அமானுஷ்யக் கதை, அதாவது தொழிற்சாலை, சுரங்கம், அலுவலகம் போன்ற ஓரிடத்தில் கூலிக்கு உழைப்பவரை அவ்விடத்திலேயே உறையும் ஆவியோ தெய்வமோ தீண்டுவதாகச் சொல்லும் கதை, ஐரோப்பிய அச்சிலக்கியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவான உருப்பெற்றது. 1865இல் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர்தப்பிய சார்ல்ஸ் டிக்கன்ஸ், மறு ஆண்டிலேயே, ஒவ்வொரு விபத்துக்கும் முன்னர் தோன்றி எச்சரிக்கும் உருவத்தைக் கண்டு கலங்கும் ரயில்வே ஊழியன் ஒருவனைப் பற்றி ‘தி சிக்னல்மேன்’ என்ற கதையை எழுதினார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘தி மங்கீஸ் பா’ கதையிலோ, இந்தியாவிலிருந்து வந்த குரங்குப் பாதம் ஒன்றிடம் இருநூறு பவுண் வேண்டிய குடும்பத்துக்கு, ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனின் இழப்பீடாக அதே தொகை கம்பனியிடமிருந்து வந்துசேர்கிறது. இக்கதைகள் லண்டனில் அச்சேறிய அதே காலகட்டத்தில், லண்டன் முதலீட்டில் இயங்கிய இலங்கைத் தோட்டங்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில், எழுத்தறியாத தமிழ்த் தொழிலாளரிடையே, இதே வகைக் கதைகள் எவராலும் எழுதப்படாமல் சொல்லப்பட்டுவந்தன.

இவ்வாய்மொழிக் கதைகளை மூடநம்பிக்கையின் எச்சம் என்று தள்ளிவிடுவது ஒரு வழக்கம். தமிழகக் கிராமத்திலிருந்து மாறாமல் வந்த தொல்மரபு என்று போற்றுவது இன்னொரு வழக்கம். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை எடுத்து நோக்கினால் இரண்டுமே போதாதவை என்பது புலப்படும். காவல்தெய்வங்களான முனியும் மாடனும் கருப்பனும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் இங்கே ஏற்ற வேலையும் நின்ற இடமும் உண்ட படையலும் கம்பனி அமைப்பால் வகுக்கப்பட்டவை. தோட்டத்துப் பேய்க்கதை என்பது கம்பனியின் வேலைநேரம், அதிகாரப் படிநிலை, விபத்து ஆகிய மூன்றையும் தொழிலாளர் தம் பக்கத்திலிருந்து கணக்கெழுதிய முறையாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மாகாணமும் கம்பனியும்

சப்ரகமுவ 1889இல் தனி மாகாணமாக வகுக்கப்பட்டபோது, அதன் மலைச்சரிவுகளின் முகம் மாறிக்கொண்டிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துவிட, 1880களில் யட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட முதலிய இடங்களை உள்ளடக்கிய களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவியது. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர் கன்றுகளின் வழிவந்த மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இம்மாகாணத்தின் தாழ்நிலங்களை மூடின. 1910இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது காடழிப்பும் ஆள்சேர்ப்பும் மேலும் விரைந்தன. களனிவெளி ரயில்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, பெல்மதுளைப் பகுதிகளின் தோட்டங்கள் இவ்வாறு துறைமுகத்தோடு பிணைக்கப்பட்டன.

நுவரெலியாப் பகுதியில் தோட்டத்தை அடுத்துத் தோட்டமே வருவதுபோல் சப்ரகமுவவில் வருவதில்லை. இங்குள்ள தோட்டம் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் இடையே தீவுபோல் கிடப்பது; சில இடங்களில் அதன் எல்லை சிங்கராஜ வனத்தையோ சிவனொளிபாத மலைக் காட்டையோ தொட்டு நிற்பது. தோட்டத்து எல்லைக்கு வெளியே கால்வைத்தால் மொழி மாறும், தெய்வம் மாறும், இருளும் மாறும். இம்மாகாணத்துப் பேய்க்கதைகளின் தனித்தன்மைக்கு இந்நிலவமைப்பு ஒரு முதன்மைக் காரணம்.

தோட்டத்தின் உடைமையாளரைத் தொழிலாளர் எவரும் கண்டதில்லை. லண்டனில் பதிவுபெற்றுப் பவுண் நாணயத்தில் முதல் திரட்டியவை ஸ்டேர்லிங் கம்பனிகள். இலங்கையில் பதிவுபெற்றவை ரூபாய்க் கம்பனிகள். இவற்றின் சார்பில் கொழும்பிலிருந்து தோட்டங்களை நிருவகித்தவை ஏஜென்சி நிறுவனங்கள் எனப்பட்டன. அவை அனுப்பும் விசிட்டிங் ஏஜென்ட் அவ்வப்போது வந்து பார்த்துச் செல்வார். தோட்டத்துக்குள்ளே பெரிய துரை, சின்னத் துரை, அவர்களுக்குக் கீழே கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிகள் இறங்கின. பெரிய துரைக்கு மேலேயுள்ள அதிகாரம் கண்ணுக்குத் தெரியாதது, பெயர் தெரியாதது, ஆயினும் கூலியைக் கூட்டவும் குறைக்கவும் ஆளை வைக்கவும் விலக்கவும் வல்லது. புலனாகாத ஒரு வல்லமை தம் வாழ்வை ஆள்கிறது என்ற எண்ணம் தொழிலாளருக்குச் சமயத்திலிருந்து மட்டும் வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த வல்லமையின் கருவி செக்ரோல் எனப்பட்ட ஆட்பதிவேடு. ஒரு நாள் வேலை முழுமையாக முடிந்தால் ஒரு ‘பேர்’. குறித்த அளவு தேயிலைக் கொழுந்தோ ரப்பர்ப் பாலோ சேராவிட்டால் ‘அரைப்பேர்’. வேலையிலிருந்து நீக்கினால் ‘பேர் வெட்டு’. மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்வழக்கை மனத்திற்கொண்டால், தோட்டத்துப் பேய்க்கதைகளில் பேயிடம் முதலாவதாகக் கேட்கப்படும் கேள்வி அதன் பெயராகவே இருப்பதன் பொருள் பின்னர் விளங்கும்.

இருளில் தொடங்கும் நாள்

தமிழகக் கிராமத்தில் அந்திக்குப் பிறகும் வைகறைக்கு முன்னும் வெளியே நடமாடுவதைத் தவிர்ப்பது மரபு. அவ்வேளைகள் முனி உலவும் வேளைகள் என்பது நம்பிக்கை. தோட்டத்து வேலைநாள் அந்த விலக்கை நேருக்குநேர் மீறியது. விடியுமுன்னே தப்பு அடிக்கப்படும். தப்பு என்பது தோலால் மூடிய வட்டப்பறை. அவ்வொலிக்கு எழுந்து, பிள்ளைகளைக் காப்பகமான பிள்ளைக்காம்பறாவில் விடுவதற்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டு, பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெரட்டு என்பது ஆட்களை எண்ணி அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் காலைக்கூட்டம். ஆங்கிலப் படைமுகாமின் அணிவகுப்புச் சொல் தமிழ் நாவில் திரிந்து பெற்ற வடிவம் அது.

ரப்பர் தோட்டத்தில் இருளின் பங்கு இன்னும் மிகுதி. மரத்தின் பட்டைக்குள் பாலின் அழுத்தம் குளிர்ந்த வேளையில் கூடியும் வெயில் ஏறக் குறைந்தும் போவதால், பால்வெட்டு முடிந்தவரை அதிகாலையில் தொடங்கியாக வேண்டும். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் கீறல் விழுந்த மரங்கள், தலைக்கு மேலே வானம் தெரியாத இலைக்கூரை, ஒவ்வொரு மரத்திலும் கட்டிய சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டும் ஓசை, காலடியில் அட்டை. வெட்டுபவர் தமக்கென ஒதுக்கப்பட்ட மரங்களைத் தனியாகவே சுற்றிவர வேண்டும் என்பதால், கூட்டமாக நின்று கொய்யும் கொழுந்துவேலையில் இல்லாத தனிமை இவ்வேலைக்கு உண்டு. காய்கள் முற்றி உலர்ந்த நாட்களில் ரப்பர்க்காய் வெடித்து விதையைப் பல அடி தொலைவுக்கு எறியும். காற்றில்லாத தோப்பில் துப்பாக்கி ஒலிபோல் எழும் அந்த வெடிப்பும், எங்கிருந்தோ கல்லெறிந்ததுபோல் வந்து விழும் விதையும், பேய்க்கல் எறியும் கதைகளுக்கு இயற்கை தந்த பின்னணியாகும். இவற்றோடு, இலங்கைக் காடுகளில் இரவில் மனிதர் கதறுவதுபோல் கேட்கும் ‘உலமா’ என்னும் பேய்ப்பறவையின் குரலும் சேரும். அது பெரிய ஆந்தையினம் ஒன்றின் குரலென்பது பறவையியலார் பலரின் கருத்து.

இருள் பற்றிய அச்சம் கம்பனிக்கும் பயன்பட்டிருக்கக்கூடும். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஆகவே கடனிலும் கங்காணியின் பிடியிலும் சிக்கியவர் தப்பியோட நினைத்தால் இரவில்தான் ஓட வேண்டும். பாலத்தடியில் மோகினி, முடக்கு வளைவில் முனி, எல்லை ஓடையில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று கதைகள் குறிக்கும் இடங்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வெளியேறும் வழிகளாகவே இருப்பது கவனத்துக்குரியது.

துறைக்கொரு முனி

மலையகத் தோட்டங்களின் சிறுதெய்வ வழிபாட்டில் வேலைப்பிரிவுக்கு ஏற்பத் தெய்வங்கள் பெயர்பெற்றிருப்பதை, சி. வி. வேலுப்பிள்ளை, சாரல்நாடன் போன்றோர் தொகுத்த வாய்மொழி மரபோடு பழகியவர் அறிவர். தேயிலைச்செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிக் கழிக்கும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அவ்வேலை தொடங்குமுன் கத்திகளை வைத்துப் படையலிடப்படும் தெய்வம் கவ்வாத்துச் சாமி. கொழுந்து பெருகும் பருவத்துக்குக் கொழுந்துச் சாமி. தேயிலை ஆலைக்கு, தொழிலாளர் வழக்கில் ‘ஸ்டோரு’க்கு, ரோதை முனி.

ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் இலங்கைத் தமிழ்ச்சொல். சக்கரத்துக்கான போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. முனி என்பது எல்லைகளிலும் மரங்களிலும் உறைந்து, காக்கவும் அடிக்கவும் வல்ல துடியான ஆண் தெய்வத்தின் பெயர். போர்த்துக்கேயச் சொல்லும் தமிழ்த் தெய்வமும் பிரித்தானிய இயந்திரமும் இணைந்த இப்பெயரே, இது ஊரிலிருந்து மூட்டைகட்டி வந்த தெய்வமன்று, தோட்டத்தில் பிறந்தது என்பதற்குச் சான்று.

பழைய தேயிலை ஆலையின் உள்ளமைப்பை அறியாமல் இம்முனியை விளங்கிக்கொள்ள முடியாது. பகலில் கொய்த கொழுந்தை மாலையில் மேல்மாடித் தட்டுகளில் பரப்பி, இரவெல்லாம் வாடவிட்டு, நள்ளிரவுக்குப் பின்னரோ வைகறையிலோ உருளைகளில் இட்டு உருட்டத் தொடங்குவர். எனவே ஆலையின் கடும்வேலை ஊர் உறங்கும் நேரத்துக்குரியது. ஓடைநீர் சுழற்றும் சக்கரமோ டர்பைனோ எண்ணெய் எஞ்சினோ தரும் விசை, கூரையையொட்டி ஆலையின் நீளத்துக்கும் ஓடும் ஒரே தண்டுக்கு வரும். அத்தண்டிலிருந்து தோல்வார்ப் பட்டைகள் கீழே இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். ஓர் இயந்திரத்தில் ஆடையோ முடியோ கையோ சிக்கினால், விசையின் மூலத்தில் இருப்பவருக்குச் செய்தி எட்டித் தண்டு நிற்கும்வரை எதுவும் நிற்காது. மங்கிய விளக்கொளியில், தூக்கக் கலக்கத்தில், ஈரமான தரையில் நின்று, தலைக்கு மேலே ஓயாமல் அடித்துக்கொள்ளும் பட்டைகளின் கீழே வேலை செய்தவர்கள், அச்சக்கரத்துக்குப் பசியுண்டு என்று கருதியதில் வியப்பில்லை. சேவலோ கடாவோ ஆண்டுக்கொருமுறை வெட்டி, அதன் இரத்தத்தைக் கொடுத்தால் ரோதை ஆள்கேட்காது என்பது இவ்வழிபாட்டின் உள்ளுறை. ஆலையின் அருகே நட்ட கல்லோ சூலமோ இதன் சந்நிதி. பூசைக்கு வேண்டிய செலவில் நிருவாகமும் பங்கேற்பது பல தோட்டங்களில் வழக்கமாயிற்று.

வெள்ளைக்குதிரை ஏறி, சுருட்டுப் புகைத்து, இரவில் எல்லையைச் சுற்றிவருபவன் முனியாண்டி என்பது தமிழக வழக்கு. குதிரையேறி மலைகளைச் சுற்றிவந்து வேலை பார்த்தவர் அக்காலத் துரை. இரு உருவங்களும் ஒன்றையொன்று நினைவூட்டியிருக்கும் என்பதற்குத் தென்தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. கிழக்கிந்தியக் கம்பனிப் படையைச் சேர்ந்த கேப்டன் போல் என்ற ஐரோப்பிய அதிகாரி, 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரணில் நடந்த போரில் காயமுற்று இறந்த பின்னர், திருநெல்வேலிப் பகுதியில் பேய்த்தெய்வமாக வணங்கப்பட்டதையும், அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கப்பட்டதையும் 1849இல் வெளியான தம் நூலில் ராபர்ட் கால்டுவெல் பதிவுசெய்துள்ளார். கம்பனி அதிகாரி இறந்தும் அதிகாரியாகவே இருக்கிறார், கப்பம் வாங்குகிறார் என்ற எண்ணம் தேயிலைத் தோட்டங்கள் தோன்றுமுன்னரே தமிழரிடம் இருந்தது. தோட்டம் அதற்கு நிலையான வேலைத்தலத்தைக் கொடுத்தது.

கோடாங்கியின் விசாரணை

துர்மரணம் அடைந்தவர், அதாவது தூக்கிட்டோ நீரில் வீழ்ந்தோ விபத்திலோ பிள்ளைப்பேற்றிலோ ஆயுள் முடியாமல் இறந்தவர், பேயாய் அலைவர் என்பது பொதுநம்பிக்கை. அத்தகைய பேய் ஒருவரைப் பிடித்ததாகக் கருதப்படும்போது வரவழைக்கப்படுபவர் கோடாங்கி. உடுக்கடித்துப் பாடிப் பேயைப் பேசவைப்பவர். அவருடைய வினாக்கள் ஒரு முறைப்படி செல்லும்: நீ யார், உன் பேர் என்ன, எந்த இடத்தில் பிடித்தாய், எத்தனை நாளாக இருக்கிறாய், என்ன கொடுத்தால் போவாய். பிடிபட்டவரின் வாயிலிருந்து வரும் விடையில் இலக்கமிட்ட வேலைப்பகுதியான ஒரு மலையோ பாலமோ லயத்தின் கோடிக்காம்பறாவோ குறிப்பிடப்படும். கேட்கப்படும் பொருள் பெரும்பாலும் கோழி, சாராயம், சுருட்டு, ஒரு புடவை போன்ற எளியவையே. பின்னர் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்துப் பேயைக் கட்டிவிடுவர்.

இச்சடங்கை அலுவலக வாசலில் நடக்கும் விசாரணையோடு ஒப்பிட்டால் அதன் கூர்மை தெரியும். அங்கே பேர் வெட்டப்பட்டவர் பேசவியலாது; இங்கே செக்ரோலிலிருந்து நிரந்தரமாக வெட்டப்பட்டவரே அழைக்கப்பட்டு, பெயர் கேட்கப்பட்டு, இறந்த இடம் பதிவாகி, தேவை நிறைவேற்றப்படுகிறது. பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட பெண்ணைப் பெரட்டுக்கு அனுப்பக் குடும்பம் துணியாது; வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று ‘பென்ஸ் காசு’ பெற்ற கங்காணியும் அதற்கு இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. காய்ச்சலுக்கும் களைப்புக்கும் கிடைக்காத ஓய்வு முனிக்குக் கிடைத்தது.

களைப்பின் காரணங்கள் பல உடலுக்குள்ளேயே இருந்தன. இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும் கொக்கிப்புழு தோட்டங்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பது, ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு 1916 முதல் நடத்திய ஒழிப்புப் பணியின்போது வெளிப்பட்டது. 1934–35இல் நாடெங்கும் எண்பதாயிரம் உயிர்களுக்கு மேல் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. முகம் வெளிறி, நடுங்கி, பிதற்றும் ஒருவரை முனி அடித்ததாகச் சொன்னவர்கள் நோய்க்குறியைத் தவறாமல் கண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேறு.

பேய் அடித்தல் என்ற கருத்து சப்ரகமுவவில் இரு மொழியினருக்கும் பொது. சுடுகாட்டுக்குரிய மகாசோனா என்னும் யக்‌ஷன் இரவில் தனியே செல்பவரின் முதுகில் அறைந்து கைத்தடம் பதிப்பான் என்பது சிங்களரின் நம்பிக்கை. இரத்தத்துக்குரிய ரீரி யக்‌ஷனும் பெண்களை நாடும் கருங்குமாரனும் அவர்களுடைய கதைகளில் உண்டு. அயற்கிராமத்துக் கட்டாடியா, அதாவது தொவில் சடங்கால் யக்‌ஷரை அகற்றுபவர், லயத்துக்கு அழைக்கப்படுவதும், தோட்டத்து மாரியம்மனுக்குக் கிராமத்தார் நேர்ந்துகொள்வதும் இம்மாகாணத்தில் புதுமையல்ல. இரத்தினபுரி மாணிக்கக் குழியில் இறங்குபவர்கள் நிலத்தடிச் செல்வத்தைக் காக்கும் பஹிரவனுக்கு, வைரவனின் சிங்கள வடிவத்துக்கு, விளக்கேற்றிப் பூசை செய்த பின்னரே வேலை தொடங்குவர். குழிக்குப் பஹிரவன், ரோதைக்கு முனி: ஒரே மாவட்டத்தில் இரு தொழில்களும் தத்தமக்குரிய கண்காணாத மேலாளரை இவ்வாறு அமைத்துக்கொண்டன.

சக்கரத்துக்கு வந்த சட்டம்

ஜேக்கப்ஸின் கதையில் கம்பனியின் ஆள் வந்து, பொறுப்பை ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பணத்தைக் கொடுத்துச் செல்லும் இடம், அக்கதையின் குரங்குப் பாதத்தைக் காட்டிலும் நடுக்கந்தருவது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரித்தானியாவில் 1897இல் நிறைவேறியது; இலங்கையில் அதற்கு ஒப்பான கட்டளைச்சட்டம் வர 1934 ஆயிற்று. இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்பது உள்ளிட்ட பாதுகாப்பு விதிகளைக் கொண்ட தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத்தது. ஆக, களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம், சுழலும் பட்டைக்கும் மனித உடலுக்கும் இடையே இழப்பீட்டுச் சட்டம் இல்லாத நிலையில் ரோதை முனியே நின்றான் என்று சொல்வது மிகையாகாது. இழப்பீடு, தடுப்பு, விபத்தின் காரணம் என்று சட்டம் பின்னாளில் பிரித்தெடுத்த மூன்றையும் அவ்வழிபாடு தன் போக்கில் கையாண்டது: படையல் முன்கூட்டிய தடுப்பு, முனியின் சினம் காரணம், ஆண்டுதோறும் நடக்கும் பூசை இழப்பீட்டின் இடத்தில் இறந்தவரின் நினைவு.

கம்பனியிடமும் அதற்குரிய அமானுஷ்யக் கதை ஒன்று இருந்தது. தேயிலைத்தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்சேர்க்க வந்த ஆள்கட்டிகள் ஆசைகாட்டியதாக மலையகத்தில் தலைமுறைகளாக நினைவுகூரப்படுகிறது. மாசி என்பது உலர்த்திய சூரைமீன். நிலம் தானாகவே உணவைப் பிறப்பிக்கும் என்ற அக்கதையை நம்பித் தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறியவர்கள், தூரின் அடியில் கண்டது தம் உறவினரைப் புதைத்த மண். சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதையான ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ தேயிலைக்கு அடியில் உறங்கும் முன்னோரைப் பாடுவது இப்பின்னணியில்தான். புதையல் கதை பேய்க்கதையாக முடிந்தது.

கடா வெட்டிய ஆலைகள்

இவ்வகை வழக்காறு சப்ரகமுவவுக்கு மட்டும் உரியதன்று. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் தொழிலாளர் ‘தியோ’ எனப்படும் சுரங்கத்துப் பிசாசின் சிலைக்கு மதுவும் கோக்கா இலையும் புகையிலையும் படைப்பதை ஆராய்ந்த மைக்கேல் டாசிக், கூலியுழைப்புக்குப் புதியவர்களான உழவர்கள் அவ்வமைப்பின் விந்தையைப் பிசாசின் உருவில் விமரிசிக்கின்றனர் என்று 1980இல் வாதிட்டார். மலேசிய இலத்திரனியல் ஆலைகளின் இளம்பெண்கள் பற்றி ஐவா ஓங் 1987இல் எழுதிய நூல் இன்னும் நெருங்கிய ஒப்புமையைத் தருகிறது: சுங்கை வேயில் அமெரிக்கக் கம்பனி ஒன்றின் ஆலையில், நுண்ணோக்கிப் பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 120 பெண்களை 1978இல் ஆவி பிடித்ததாகக் கூறப்பட, ஆலை மூன்று நாள் மூடப்பட்டது, ‘போமோ’ என்னும் மந்திரவாதி வரவழைக்கப்பட்டு வளாகத்துக்குள் ஆடு வெட்டப்பட்டது. மிக நுண்ணிய கணினிச் சில்லுகளைச் செய்த ஆலையும் தேயிலையை உருட்டிய ஆலையும் ஒரே காரணத்துக்காக ஒரே பலியைக் கொடுத்துள்ளன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மலேசிய ஆலையில் ஆவி வேலையை நிறுத்தியது. தோட்டத்து ரோதை முனியோ, பலியைப் பெற்றுக்கொண்டு வேலையை நடக்கவிட்டான். கோடாங்கியின் முன் பேசிய பேய் ஒருவருக்கு ஓய்வைப் பெற்றுத்தந்ததே தவிர, எல்லோருடைய கூலியையும் உயர்த்தவில்லை. அதற்குத் தொழிற்சங்கம் வேண்டியிருந்தது. எனவே இக்கதைகளை எதிர்ப்பு என்று மட்டும் கொண்டாடுவதும் மிகையே. அவை குறையைச் சொல்லின, தீர்வைச் சொல்லவில்லை.

எழுதப்படாத கதை

தமிழ்ப் புனைகதையில் இப்பொருளுக்குக் கிடைத்த இடம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறிது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் களமாக்கி ‘துன்பக்கேணி’யை 1935இல் எழுதியவர் புதுமைப்பித்தன், தமிழின் தலைசிறந்த பேய்க்கதைகளுள் ஒன்றான ‘காஞ்சனை’யை எழுதியவரும் அவரே. முன்னதில் பேய் இல்லை. பின்னதில் தோட்டம் இல்லை. லயத்தில் கதைசொன்னவர்களுக்கு இயல்பாக ஒன்றாயிருந்த இரண்டும் அச்சில் ஒருவர் கையிலேயே இருவேறாகப் பிரிந்தன. 1960களுக்குப் பின் எழுச்சிபெற்ற மலையக இலக்கியம் குடியுரிமை, கூலி, தொழிற்சங்கம் என்னும் அவசரப் பொருள்களை நடப்பியல் முறையில் எழுதியது; முற்போக்கு நோக்கில் முனியும் கோடாங்கியும் களைய வேண்டிய அறியாமையாகவே தோன்றினர். அந்த நிலைப்பாட்டுக்குக் காலத்தின் நியாயம் உண்டெனினும், தொழிலாளர் தம் வேலைத்தலத்தைப் பற்றித் தாமே புனைந்த கதைகள் இலக்கியத்துக்கு வெளியே நின்றுபோயின.

சொல்பவர்களும் குறைந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெருந்தொகையானோரை நாட்டின் பெயரேட்டிலிருந்தே வெட்டியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. 1975 நிலச்சீர்திருத்தத்தால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்முறைகளில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் லயங்கள் தாக்குண்டு, பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தனர். 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் நிருவாகத்தை ஏற்றபோது கம்பனி திரும்பிவந்தது. கூரைத்தண்டும் தோல்பட்டையும் போய், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மின்மோட்டார் வந்திருந்தது. சுழலும் சக்கரம் உறைக்குள் மறைந்த பின்னர், ரோதை முனி என்ற பெயரில் ரோதை எது என்று இளைஞருக்கு விளக்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

சப்ரகமுவத் தோட்டங்களில் இக்கதைகளைத் தொகுக்க முன்வருவோர், பேயின் உருவத்தையும் அது கேட்ட படையலையும் எழுதிக்கொண்டு திரும்பிவிடலாகாது. அது எந்த மலையில், எந்த ஸ்டோரில், எந்த ஆண்டில் பேர் வெட்டப்பட்ட ஆள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். கோடாங்கி கேட்ட முதற்கேள்வியும் அதுவே.